என் வயித்துக்கு நான்தான் நாட்டாமை!

போன ஞாயித்துக்கிழமை பெரும்பாக்கத்துல பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். காலைல ரெண்டு இட்லியோட எழுந்தேன். "என்னடா டயட்டா? எலும்பும் தோலுமா நிக்கிற!" மத்தியானம் நல்ல பசி. மூணாவது தடவை சோறு கேட்டேன். "உக்காந்தே பாக்குற வேலை, தொப்பை போடுது பாரு." இது பெரியப்பா. நாலு மணி நேரத்துல எலும்பு எப்படிங்க தொப்பையாச்சு?

பசிச்சா சாப்பிடு, போதும்னா நிறுத்து. இதைச் சுத்தி எவலின் டிரிபோலி, எலிஸ் ரெஷ்னு ரெண்டு அமெரிக்க உணவியல் நிபுணர்கள் 1995-ல ஒரு புத்தகமே போட்டாங்க. நமக்கு அமெரிக்கா எதுக்கு? திருக்குறள் 95-வது அதிகாரம் 'மருந்து'. முன்னாடி சாப்பிட்டது செரிச்சு, நல்லா பசிச்சப்புறம், அளவு தெரிஞ்சு சாப்பிடுன்னு வள்ளுவர் சொல்லிட்டார். நாம குறளை பஸ்ஸுல எழுதி வெச்சுட்டு பந்தியில மறந்துட்டோம்.

சர்க்கரை நோய்க்காரங்களுக்கு டாக்டர் சொல்ற அளவு வேற. அதுல நான் தலையிடல.

என்னை விடுங்க, எருமைத்தோல். பக்கத்துல பெரியம்மாவோட பேத்தி, 6 வயசு. ரெண்டாவது வடைக்குக் கை நீட்டினா. "பொம்பளப் பிள்ளைக்கு இவ்ளோ ஆகாது." நீட்டின கை பின்னாடி போயிடுச்சு. கொஞ்ச நேரத்துல அதே குழந்தை "போதும், போதும்"னு அழ அழ வாயில தயிர்சாதத்தைத் திணிக்கிறாங்க. பசிக்குதுன்னாலும் தப்பு, போதும்னாலும் தப்பு. ரெண்டையும் ஒரே வேளையில கத்துக் குடுத்தாச்சு. இனிமே அவ வயிறு சொல்றதை அவ எப்படி நம்புவா?

பாசமா பரிமாறுங்க சாமி. தட்டை எண்ணாதீங்க.

டிஸ்கி: இதை அப்பவே பெரியம்மாகிட்ட சொன்னியான்னு கேக்காதீங்க. என் வாயில வடை இருந்துச்சு.