நாலு பேர் தூக்குற நாள் இன்னும் வரலை

"அதுக்கென்ன சார், நாலு பேர் புடிச்சா தூக்கிடலாம்."

புனேவுல வீடு தேடி அலைஞ்ச எட்டு மாசத்துல இந்த வாக்கியத்தை மராத்தி, இந்தி, இங்கிலீஷ், தமிழ்னு நாலு பாஷையிலயும் கேட்டாச்சு. புரோக்கர் சொன்னார். பில்டர் ஆபீஸ் சேல்ஸ் பையன் சொன்னான். வீட்டு ஓனர் சொன்னார். பொங்கல் விழாவுல பார்த்த நம்மூர்க்காரர் ஒருத்தரும் சொன்னார். யாரும் கெட்ட எண்ணத்துல சொல்லலை. பிரச்சினையே அதுதான். நல்ல மனசோட சொல்ற இந்த ஒரு வரிதான் இந்த நாட்டுல வீல்சேர்ல இருக்குறவங்களை வீட்டுக்குள்ள பூட்டி வச்சிருக்குன்னு நான் சொல்றேன். கோவம் வர்றவங்க முழுசாப் படிச்சிட்டுத் திட்டுங்க :-)

முன்கதைச் சுருக்கம். அம்மாவுக்கு 2019-ல பக்கவாதம் வந்துச்சு. இடது கை, இடது கால் ரெண்டும் சரியா வரலை. 2021-ல திருநெல்வேலியிலேர்ந்து இங்க கூட்டிட்டு வந்தோம். அப்போ இருந்தது வாடகை ஃபிளாட். லிஃப்ட் உண்டு, ஆனா லிஃப்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடி நாலு படி. பதினோரு மாசத்துல அம்மா கீழ இறங்கினது ஆறே தடவை. அஞ்சு ஆஸ்பத்திரிக்கு, ஒண்ணு கல்யாண ரிசப்ஷனுக்கு. ஒவ்வொரு தடவையும் வாட்ச்மேன் காகா, பக்கத்து வீட்டு டிரைவர், நான், கூட யார் கிடைக்கிறாங்களோ அவங்க.

ஆறாவது தடவை ஏத்தி விட்டப்புறம் அம்மா சொன்னாங்க: "நாலு பேர் தூக்குறது ஒருத்திக்கு ஒரு தடவைதான்டா. அந்த நாள் வரும்போது தூக்கிக்கோங்க. அதுவரைக்கும் நான் உள்ளேயே இருந்துக்கறேன்."

முப்பத்தஞ்சு வருஷம் பள்ளிக்கூடத்துல பாடம் எடுத்தவங்க. அதுக்கு மேல அதைப் பத்திப் பேசலை.

தூக்குறதுன்னா என்னன்னு தூக்குறவங்களுக்குத் தெரியாது, தூக்கப்படுறவங்களுக்குத்தான் தெரியும். முன்பின் தெரியாத நாலு ஆம்பளைங்க கை வைக்கணும். புடவை விலகும், சரி பண்ண ஒரு கைதான் இருக்கு. ஒருத்தருக்குக் கால் இடறினா மொத்தமும் சாயும். கிளம்புற அன்னிக்குக் காலையிலேர்ந்து தண்ணி குடிக்க மாட்டாங்க, போற இடத்துல பாத்ரூமுக்கு இன்னொரு தடவை தூக்கணுமேன்னு. இதெல்லாம் கூடப் போகட்டும். தெருமுனைக்குப் போய் ஒரு கட்டு கீரை வாங்கணும்னா, நாலு பேருக்கு ஒரே நேரத்துல ஓய்வு இருக்கணும்! இதுக்குப் பேரு உதவியா? ஜாமீன்ல வெளியே வர்ற மாதிரி இல்ல இருக்கு!

சரி, படியை எடுத்துட்டுச் சாய்தளம் போடுங்கய்யான்னு கேட்டா, "பில்டிங் டிசைன் அப்படி சார், இடம் இல்லை"ன்னு பதில். இதுலதான் பெரிய காமெடி. அதே பில்டிங்ல பேஸ்மென்ட்டுக்குப் போற சாய்தளம் ரெண்டு லாரி அகலத்துக்கு இருக்கு. காருக்கு! ஒரு டன் இரும்பைப் பார்த்து யாரும் "நாலு பேர் புடிச்சா தூக்கிடலாம்"னு சொல்லலை பாருங்க. கேஸ் சிலிண்டர் வந்தா ஓரமா கிடக்குற பலகையைப் போடுறாங்க. வாஷிங் மெஷினுக்கும் பலகை. கணபதி சிலை வரும்போது டிராலி குலுங்கக்கூடாதுன்னு பலகைக்கு மேல கம்பளமே விரிக்கிறாங்க. ஆக, சக்கரம் படி ஏறாதுங்கிற விஞ்ஞான உண்மை எல்லாருக்கும் தெரிஞ்சுதான் இருக்கு. சக்கரத்துக்கு மேல மனுஷன் உக்காந்திருந்தா மட்டும் மறந்து போயிடுது.

2022-ல இப்போ இருக்குற ஃபிளாட்டை வாங்கினோம். பார்த்த 23 வீட்டுல படி குறைச்சலா இருந்தது இதுதான். கீழ வாசல்ல மூணு படி. சொசைட்டி கமிட்டியில எழுதிக் கொடுத்தோம். செகரட்டரி தங்கமான மனுஷன். "ஆஜிக்காக ஆறு அடியில ஒரு ராம்ப் போட்டுடலாம்"னு உடனே சொன்னார்.

இங்கதான் கணக்கு வருது. சாய்தளத்துக்கு விதி ஒண்ணுக்குப் பன்னிரண்டு. ஒரு இஞ்ச் உயரத்துக்குக் குறைஞ்சது பன்னிரண்டு இஞ்ச் நீளம். மத்திய நகர்ப்புற அமைச்சகம் 2021-ல வெளியிட்ட தடையற்ற கட்டட வழிகாட்டியிலயும் இந்தக் கணக்குதான் இருக்கு. மூணு படி, படிக்கு ஆறு இஞ்ச், மொத்தம் 18 இஞ்ச். அப்போ 18 அடி நீளம் வேணும். அதை ஆறு அடியில போட்டா ஒண்ணுக்கு நாலு. அது சாய்தளம் இல்லை, பார்க்குல இருக்குற சறுக்கு மரம். ஏத்தும்போது தள்ளுறவன் முதுகு போகும், இறக்கும்போது உக்காந்திருக்குறவங்க உயிர் போகும். நாட்டுல பாதி ஏடிஎம் வாசல்ல கண்துடைப்புக்குப் போட்டு வச்சிருக்குறது இந்தச் சறுக்கு மரத்தைத்தான்.

18 அடின்னதும் முகம் மாறிச்சு. ரெண்டு பைக் நிறுத்துற இடம் போயிடுமாம். பில்டிங்கோட 'லுக்' கெட்டுடுமாம். கடைசியா ஒருத்தர் கேட்டார், "120 ஃபிளாட்ல வீல்சேர் உங்க அம்மா ஒருத்தருக்குத்தானே?"

இந்தக் கேள்விக்கு இங்கேயே பதில் சொல்லிடறேன், உங்க சொசைட்டியிலயும் யாராவது கேப்பாங்க. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி இந்தியாவுல மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். இவங்கள்ல எத்தனை பேரை உங்க தெருவுல, சினிமா தியேட்டர்ல, ஆபீஸ் கேன்டீன்ல பார்க்கறீங்க? "யாரும் வர்றதில்லை, அதனால சாய்தளம் தேவையில்லை"ங்கறது, பாலம் இல்லாத ஆத்தைப் பார்த்து "யாருமே கடக்கறதில்லை, எதுக்குப் பாலம்"னு கேக்கற மாதிரி.

நாலு மாசம், மூணு மீட்டிங், கடைசியில சாய்தளம் வந்துச்சு. 'ட' மாதிரி வளைஞ்சு, நாலடி அகலம், நடுவுல திரும்ப அஞ்சடி சமதளம், ரெண்டு பக்கமும் கைப்பிடி. செலவு 65,000 ரூபாய். ஃபிளாட்டுக்கு 542 ரூபாய். அதே வருஷம் கேட்டுக்கு மேல சொசைட்டி பேரை மின்ன வைக்கிற போர்டுக்கு இதைப் போல ரெண்டு மடங்கு ஆச்சு, அதுக்கு ஒரே மீட்டிங் போதுமா இருந்துச்சு (நற நற...).

போட்ட முதல் வாரமே அஞ்சாவது மாடியிலேர்ந்து வாக்கர் வச்சுக்கிட்டு ஒரு தாத்தா இறங்கி வந்தார். ரெண்டு வருஷமா அவரை யாரும் கீழ பார்த்ததில்லை. முட்டி ஆபரேஷன் பண்ண ஒரு அம்மா வந்தாங்க. கைக்குழந்தைத் தள்ளுவண்டியோட ஒரு பொண்ணு. தண்ணி கேன் போடுற பையன் படிப் பக்கமே இப்போ போறதில்லை. இவங்கெல்லாம் எங்கேர்ந்து வந்தாங்க? மேலதான் இருந்தாங்க. ஒருத்தருக்குன்னு போட்டது ஒருத்தரோட நிக்கலை.

சட்டம் இல்லையான்னு கேப்பீங்க. இருக்கு, நிறையவே இருக்கு. 1995 சட்டத்துல பொதுக் கட்டடங்களுக்குச் சாய்தளம் போடணும்னு இருந்துச்சு, கூடவே "பொருளாதார வசதிக்கு உட்பட்டு"ங்கிற தப்பிக்கற வழியும் இருந்துச்சு. 2016-ல மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்துச்சு. அதோட 44-ஆவது பிரிவு என்ன சொல்லுது தெரியுமா? விதிப்படி இல்லாத வரைபடத்துக்குக் கட்ட அனுமதி கிடையாது, கட்டி முடிச்சாலும் நிறைவுச் சான்றிதழ் கிடையாது. தனியார் நிறுவனத்துக்கும் இது பொருந்தும். ஏற்கெனவே இருக்குற பொதுக் கட்டடங்களுக்கு 45-ஆவது பிரிவு அஞ்சு வருஷம் கெடு வச்சது. விதிகள் வந்தது 2017 ஜூன்ல. கெடு முடிஞ்சது 2022-ல. பொதுக் கட்டடங்களைப் பார்த்தா முடிஞ்ச மாதிரி தெரியுதா?

ஏன் நடக்கலைன்னா, சட்டத்துல "கட்டாயம்"னு இருந்ததை விதிகள்ல "பரிந்துரை" மாதிரி ஆக்கி வச்சிருந்தாங்க. ராஜீவ் ரதூரிங்கிற பார்வையற்றவர் 2005-ல போட்ட வழக்குல, 2024 நவம்பர் 8-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொல்லிச்சு. 2017 விதிகளோட 15(1) சட்டத்துக்கே முரணானது, மூணு மாசத்துல கட்டாய விதிகளை வகுக்கணும்னு உத்தரவு. 2005-ல போட்ட வழக்கு! பத்தொன்பது வருஷம்! நடுவுல பேரை மட்டும் அழகா மாத்திக்கிட்டோம். ஊனமுற்றோர் போய் மாற்றுத்திறனாளி வந்துச்சு, டெல்லியில 'திவ்யாங்' வந்துச்சு. பேரெல்லாம் மாத்தியாச்சு, படியை மட்டும் மாத்தலை.

அரசாங்கத்தையும் பில்டரையும் திட்டியாச்சு. இப்போ நம்ம கதைக்கு வருவோம். வெளியூர்ல ஃபிளாட் வாங்குற நம்ம ஆளுங்க என்னென்ன பார்க்கறாங்க? வாஸ்து, பூஜை ரூம், தண்ணி, ஸ்கூல் எவ்வளவு தூரம், இட்லி மாவு கிடைக்குமா. "ஊர்லேர்ந்து அப்பா அம்மா வந்தா தங்க" மூணாவது பெட்ரூமுக்குன்னு இருபது லட்சம் கூடக் கொடுக்கறாங்க. ஆனா அந்த ரூமோட பாத்ரூம் கதவு என்ன அகலம்னு ஒருத்தராவது கேட்டதுண்டா?

நான் சொல்றேன். பெரும்பாலான ஃபிளாட்ல பாத்ரூம் நிலைக்கு விடுற இடம் ரெண்டரை அடி. நிலைக்கட்டையும் கதவோட தடிமனும் போக மிஞ்சுறது 26 இஞ்ச் இருந்தா அதிர்ஷ்டம். அம்மாவோட வீல்சேர் 25 இஞ்ச். நுழையும்போது ரெண்டு பக்கமும் விரல் முட்டி தேயும். வழிகாட்டி கேக்குறது 900 மில்லிமீட்டர், அதாவது மூணடிக்குக் கொஞ்சம் கம்மி. உள்ள போனா திரும்ப அஞ்சடி வட்டம் வேணும், ஆனா நடுவுல வாஷ்பேசின் நிக்கும். வாசல்ல தண்ணி வெளிய வராம இருக்க ஒரு இஞ்ச் கிரானைட் பட்டை வேற. முன் சக்கரம் அதுலதான் மாட்டி ஆளை முன்னால தள்ளும்.

நாங்க செஞ்சது இவ்வளவுதான். நிலையை உடைச்சு 35 இஞ்ச் ஆக்கி, வெளிய நகருற கதவு மாட்டினோம். பட்டையை எடுத்துட்டுத் தரையைச் சரிவாக்கினோம். கம்மோடு பக்கத்துல கைப்பிடிக் கம்பி. அதை டைல்ஸ்ல மட்டும் திருகினா ஒரே வாரத்துல கையோட வந்துடும், உள்ள சுவர்ல பிடிமானம் வேணும். சமையல் மேடையில மூணடி நீளத்துக்கு அடியில அலமாரியை எடுத்து, உயரத்தை 30 இஞ்சா இறக்கினோம், முட்டி உள்ள போற மாதிரி. அம்மா இப்போ அங்க உக்காந்து ஒரு கையால காய் நறுக்கறாங்க, மருமகள் வைக்கிற சாம்பாருக்குக் குறையும் சொல்றாங்க. வீடுன்னா அதுதானே.

முக்கியமா ஒண்ணு. இப்போ வர்ற நிறைய உயரக் கட்டடங்கள் 'மிவான்' முறையில, சுவர் மொத்தமும் கான்கிரீட்டாவே வார்க்கறாங்க. பாரத்தைத் தாங்குறதே அந்தச் சுவர்தான். நாளைக்கு கதவை அகலமாக்கலாம்னு நினைச்சாலும் அதை உடைக்க முடியாது. அதனால "தேவைப்படும்போது பார்த்துக்கலாம்"ங்கற வசனம் அங்க செல்லாது.

"எங்க அப்பா அம்மா திடகாத்திரமா இருக்காங்க, எங்களுக்கு எதுக்கு?"ன்னு நினைக்கறவங்களுக்கு: சந்தோஷம், நூறு வயசு இருக்கட்டும். ஆனா "அவங்களுக்கு இங்க வந்தா போரடிக்கும், ஊர்தான் செட் ஆகும்"னு சொல்றோமே, அதுல பாதி போர் இந்தப் படிகளாலயும் பாத்ரூமாலயும் வர்றதுதான். கீழ இறங்கி நாலு பேரைப் பார்க்க முடியாத எடத்துல யாருக்குத்தான் போரடிக்காது? நம்ம ஊர் வீட்டுலயும் திண்ணைக்கு மூணு படி, உயரமான நிலைவாசல் எல்லாம் உண்டுதான், ஒத்துக்கறேன். ஆனா அது தாத்தா அவருக்குத் தெரிஞ்சதை வச்சுக் கட்டினது. நீங்க 2020-களில் எண்பது லட்சம் கடன் வாங்கி, இருபது வருஷம் மாசத்தவணை கட்டப்போற வீடு இது. கேக்குற உரிமை உங்களுக்கு இருக்கு.

ஆகவே மக்களே, அடுத்த ஞாயித்துக்கிழமை மாதிரி ஃபிளாட் பார்க்கப் போகும்போது பாக்கெட்ல ஒரு இஞ்ச் டேப் எடுத்துட்டுப் போங்க. முப்பது ரூபாய்தான். கார் நிறுத்துற இடத்துலேர்ந்து பெட்ரூம் வரைக்கும் எத்தனை படின்னு எண்ணுங்க. லிஃப்ட் கதவை அளங்க, பாத்ரூம் கதவை அளங்க. சுவர் செங்கல்லா கான்கிரீட்டான்னு கேளுங்க. கூட வர்ற சேல்ஸ் பையன் சிரிச்சுக்கிட்டே, "எதுக்கு சார் இதெல்லாம், நாலு பேர் புடிச்சா..."ன்னு ஆரம்பிப்பான். அவன் முடிக்கறதுக்குள்ள அளவை எழுதிக்கிட்டு, பதிலையும் எழுத்துல கேளுங்க. பத்து பேர் கேட்டா சிரிப்பான். நூறு பேர் கேட்டா வரைபடம் மாறும்.