வெண்ணெய் திரளாவிட்டால் யார் மேல் பழி?

ஆச்சி காலத்து வெண்ணெய் நம்பிக்கைகளை மொத்தமாக மூடநம்பிக்கை என்று தள்ளிவிட எனக்கு மனசு வராது. பாதிக்கு மேல் உருப்படியான விஷயம். விடிவதற்குள் கடைந்துவிடு என்பார்கள். கோடையில் தயிர் குளிர்ச்சியாக இருக்கிற நேரம் அதுதான். சூடு ஏறினால் கொழுப்பு இளகி மோரோடு போய்விடும். ரொம்பக் குளிர்ந்தாலோ இறுகிப்போய் ஒன்றோடு ஒன்று ஒட்டாது. அதனால்தான் சித்திரையில் பானைத் தண்ணீர், மார்கழியில் ஒரு செம்பு வெந்நீர். பானையை முட்ட முட்ட நிரப்பாதே என்பதும் அப்படித்தான், தயிர் அலம்ப இடம் வேண்டுமே. தெர்மாமீட்டர் இல்லாத வீட்டில் இவைதான் தெர்மாமீட்டர்.

கண்ணேறு சமாச்சாரம் மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை. இங்கே ஹரியானாவிலும் அதே கதைதான். முர்ரா எருமைக்குப் பேர்போன ஊர், பால் ஆராய்ச்சிக்கென்றே தேசிய நிறுவனம் இருக்கிற கர்னால். எங்கள் வீட்டுக்கார அம்மா மதானியில் (மத்துதான், கரண்டில் ஓடுவது) கடையும்போது யாராவது வந்தால் சட்டென்று துப்பட்டாவால் மூடிவிடுவார். 'நஜர்' பட்டுவிடுமாம்!

நிஜக் காரணம் பெரும்பாலும் தொழுவத்தில் இருக்கும். கன்று போட்டு எட்டொன்பது மாதமாகி, கறவை வற்றப்போகிற மாட்டின் பாலில் கொழுப்புத் துளிகள் சிறுத்துவிடும். எவ்வளவு கடைந்தாலும் லேசில் திரளாது. அந்தச் சமயம் பார்த்து வாசலுக்கு வந்தவர் மாட்டிக்கொள்வார். அதுவும் எல்லோரும் மாட்டுவதில்லை. புருஷனை இழந்தவள், பிள்ளை இல்லாதவள் என்று பார்த்துத்தான் பழி போகும். கிளையில் வசூல் குறைந்தால் கடைநிலை ஊழியரைக் கைகாட்டுகிற மாதிரி.

"பானையை மூடுறதுல யாருக்கு என்ன நஷ்டம்?" என்று ஊரிலிருந்து தம்பி போனில் கேட்கிறான். பி.காம். படித்தவன் நான், நஷ்டத்தை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று சொல்கிறேன். எங்கள் தெருவில் ஓர் அத்தை இருந்தார். சின்ன வயசிலேயே தாலி அறுத்தவர். மோர் வாங்க நேரே வீட்டுக்கு வரமாட்டார். தெருமுனையில் சொம்போடு நின்று, விளையாடிக்கொண்டிருக்கும் என்னைக் கூப்பிட்டு, "ஏலேய், ஆச்சி கடைஞ்சு முடிச்சிட்டாவளா?" என்று கேட்பார். நான் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்ன பிறகுதான் நடையை எடுத்து வைப்பார். ஆச்சியும் கெட்டவர் இல்லை, சொம்பு நிறையத்தான் ஊற்றுவார். வெண்ணெயை உள்ளே கொண்டுபோய் வைத்த பிறகு.