பாதி வழியில் திரும்பும் வண்டி



பூமிக்கடியில் ஓடும் இரயில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சென்று மீள்வதுதானே முறை, இடைவழியில் தடம் மாறித் திரும்புவதற்கு அக்காலத்தவர் ஏன் வழியமைத்தனர் என்று இரயில்வேயில் பணிபுரியும் அன்பர் ஒருவர் நம்மை வினவினார். நியாயமான வினா, ஏனெனில் அவ்வழி மலிவானதன்று.

1900-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட லண்டன் மத்திய இரயில்வேயை நோக்குவோம். ஷெப்பர்ட்ஸ் புஷ் முதல் பேங்க் வரை ஆறு மைலுக்குச் சற்றே குறைவு. போகும் வண்டிக்கு ஒரு குழாய், வரும் வண்டிக்கு வேறொன்று. குறுக்களவு 12 அடிகூட இல்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தண்டவாளம் கடக்க வேண்டுமாயின், இரண்டையும் அடக்கும் பெருங்குகை ஒன்றைக் களிமண்ணில் குடைந்து, வார்ப்பிரும்பு வளையங்களால் தாங்க வேண்டும். சிக்னலும் அதைக் கவனிக்க ஆளும் வேறு.

தொடக்கத்தில் வண்டியை இழுத்தவை 44 டன் மின் இஞ்சின்கள். முனையை அடைந்ததும் இஞ்சின் முன்னே சிக்கிக்கொள்ளும். வேறோர் இஞ்சின் பின்னே வந்து பூட்டிய பின்னரே வண்டி புறப்படும். 1903-இல் மோட்டார் பொருத்திய பெட்டிகள் வந்தன. ஓட்டுநர் மறுமுனைக்கு நடந்தாலே போதும் என்றாயிற்று. எனவே இடைவழியில் திரும்புவதும் எளிதாயிற்று.

அதன் ஆதாயத்தைக் கணக்கிட்டே பார்ப்போமே. முழு வழியும் போய்த் திரும்ப ஒரு மணி நேரம் ஆகிறதென்று கொள்வோம். மூன்று நிமிடத்துக்கொரு வண்டி விட 20 வண்டிகள் தேவை. ஆனால் கூட்டம் பாதி வழியில்தான் நெரிகிறது. அப்பால் பெட்டிகள் காலியாகவே ஓடுகின்றன. ஒன்றுவிட்டு ஒன்றை நடுவில் திருப்பினால், நீண்ட ஓட்டத்துக்கு 10, அரை மணியில் மீளும் குறுகிய ஓட்டத்துக்கு 5. ஆக 15 வண்டிகளே போதும். எஞ்சிய ஐந்தின் விலையும் மின்சாரமும் மிச்சம்.

இதனினும் பெரிய காரணம் ஒன்றுண்டு. குழாய்க்குள் ஒரு வண்டி பழுதாகி நின்றால், பின்னே வருவது விலகிச் செல்ல இடமில்லை. குறுக்குத்தடம் இருந்தால், பழுதுற்ற பகுதியை மட்டும் மூடிவிட்டு, இருபுறமும் வண்டிகளைத் திருப்பி ஓட்டலாம். இல்லையேல் ஓரிடத்துப் பழுது வழி முழுவதையும் முடக்கிவிடும்.

1896 டிசம்பர் 14-இல் திறந்த கிளாஸ்கோ சுரங்க இரயிலில் அத்தடம் அறவே இல்லை. வட்டமாகச் சுற்றும் வழிக்கு முனையேது, திருப்பமேது என்று கருதினர் போலும்! பதினைந்து நிலையங்கள், இரு தனிக் குழாய்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வண்டி மாறவே இயலாது. பழுது பார்க்க வேண்டிய பெட்டியைக்கூடக் கோவன் பணிமனையில் கிரேன் கொண்டுதான் குழியிலிருந்து மேலே தூக்கினர். புதுப்பிப்பதற்காக 1977-இல் வழியை மூடும்வரை, எண்பது ஆண்டுகள், இப்படியே தூக்கி இறக்கிக்கொண்டிருந்தனர்.