முதுகுப்பையோடு வருபவரும் வாடிக்கையாளரே

உல்லாசப் பயணி என்றதும் நம்மில் பலருக்கு ஏசி வேனில் வந்து இறங்குபவர்தான் ஞாபகத்துக்கு வருகிறார். முதுகில் பெரிய பையைச் சுமந்துகொண்டு பஸ்ஸில் வந்து இறங்கும் இளைஞரைக் கண்டால், 'இவரிடம் என்ன காசு இருக்கப் போகிறது' என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். இது தவறான கணக்கு என்பதே எனது அபிப்பிராயம்.

குழுவாக வேனில் வருபவரின் அறையும் சாப்பாடும் பெரும்பாலும் முன்கூட்டியே பணம் கட்டப்பட்டவை. பையோடு வருபவரோ அறை, ரொட்டி, பழம், சிம் அட்டை, முச்சக்கர வண்டி, சலவை என்று அத்தனைக்கும் அன்றன்றைக்கு ஊரிலேயே செலவழிக்கிறார். மே முதல் ஒக்டோபர் வரை நீர்ச்சறுக்கலுக்காக அறுகம்பைக்கு வருபவர்களைப் பாருங்கள். பலர் வாரக்கணக்கில் தங்குகிறார்கள். அந்தக் காசு பொத்துவில் கடைத்தெருவிலும் புழங்குகிறது.

சென்ற பருவத்தில் அங்கு நண்பரின் கடையில் உட்கார்ந்திருந்தேன். பையின் தோள்வார் அறுந்துபோன ஒரு யுவதி தையல் கடையொன்றில் விசாரித்தார். 200 ரூபா வேலைக்கு 1,500 ரூபா கேட்டார்கள். பேசாமல் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போனார். அங்கே நியாயமான கூலிக்குத் தைத்துக் கொடுத்தார்கள். அதே கடையில் இரண்டு காற்சட்டையும் தைக்கக் கொடுத்தார். மறுநாள் அவருடைய கூட்டாளிகளும் அங்கேதான் நின்றார்கள். முதற்கடைக்காரர் இழந்தது 200 ரூபாவை மட்டுமல்ல.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பல மலிவு விமான சேவைகள் கைப்பொதிக்கு 7 கிலோவையே அனுமதிக்கின்றன. எனவே பாரமான மரயானையை இவர் தலையில் கட்ட முயல்வதில் பயனில்லை. 50 கிராம் தேயிலை, சிறு பொதிக் கறுவா, மெல்லிய சாரம் ஆகியவற்றை ஒழுகாமல், நசுங்காமல் பொதி செய்து விலையை ஒட்டி வையுங்கள். இரவு பஸ் வரும்வரை பையைப் பத்திரமாக வைத்துக் கொடுப்பதும் ஒரு சேவைதான். பை நிற்கும் கடையில்தான் தேநீரும் குடிப்பார்.

2018இல் 23 இலட்சமாக இருந்த பயணிகள் வருகை, 2020இல் சுமார் 5 இலட்சமாகச் சரிந்ததையும் 2024இல் மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டியதையும் கண்டோம். வெறிச்சோடிய கடைத்தெருவை நாம் மறக்கக் கூடாது. உள்ளூராருக்கு ஒரு விலை, வெள்ளைக்காரருக்கு ஒரு விலை என்ற பழக்கத்தைக் கைவிடுவோம். இன்று பையோடு வரும் இளைஞர், நாளை குடும்பத்தோடு வருவார். எந்தக் கடைக்குப் போவார் என்பது இன்று நாம் சொல்லும் விலையில்தான் இருக்கிறது.