எந்தச் சமூகத்தின் தேன்?

'சமூகமே முன்னின்று நடத்தும் தேனீ வளர்ப்பு, அதைச் சுற்றி வேளாண் சுற்றுலா.' இப்படியொரு துண்டறிக்கை என் கைக்கு வந்தது. சமூகம் என்றால் எந்தச் சமூகம்? எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்குச் சாதி என்றுதானே அர்த்தம்!

மார்த்தாண்டம் பக்கம் தேனீ புதுசில்லை. 1920களில் ஒய்.எம்.சி.ஏ. பெட்டியில் வளர்க்கக் கற்றுக்கொடுத்தது. 2023இல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் இங்கே பெரும் மகசூல் பூவிலிருந்து வருவதல்ல. ரப்பர் மரம் இலையுதிர்த்துத் துளிர்க்கும்போது இலைக்காம்பில் சுரக்கிற மதுதான் தேனாகிறது. அதனால் பெட்டி வைக்கத் தோட்டம் வேண்டும். நமக்குத் தோட்டம் எங்கே இருக்கிறது?

என் அப்பா அடுத்தவர் பெட்டிகளை ராத்திரியில் வாசலடைத்துத் தோட்டம் தோட்டமாகச் சுமந்தவர். கொட்டு வாங்கியது அவர். தேனீ விவசாயி என்று பேர் வாங்கியது தோட்டக்காரர். போன வருஷம் அதே தோட்டத்துக்குச் சுற்றுலாக் கூட்டம் வந்தது. புகை போட்டு, பெட்டி திறந்து, அடையைத் தூக்கிக் காட்டியவள் என் அம்மை. வந்தவர்களுக்குச் சாப்பாடு வீட்டுக்குள்ளே. அம்மைக்கு இலை கொல்லைப்புறத்தில். "நான் எடுத்த தேன உள்ள வச்சு நக்குதாவ மக்கா, நான் தொட்ட செம்பு மட்டும் ஆகாதாம்" என்றாள்.

1948இல் அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தைப் புகழ்ந்தவர்களுக்கு அம்பேத்கர் முகத்திலடித்தாற்போல் பதில் சொன்னார். அந்தக் கிராமத்தைத்தான் இன்றைக்கு டிக்கெட் போட்டுக் காட்டுகிறார்கள்.

தேன் எடுக்கிற மாதங்களில்தான் விருந்தாளிகள் வருவாங்க. மழைக்காலத்தில் சர்க்கரைப் பாகு வைத்துக் கூட்டத்தை உயிரோடு வைத்திருக்க வேண்டும். 1990களின் தொடக்கத்தில் வைரஸ் நோயில் புழுக்கள் செத்துக் கூட்டம் கூட்டமாக அழிந்தனவே, அப்படியொரு நட்டம் மறுபடி வந்தால் யார் தலையில் விழும்? துண்டறிக்கையில் அதற்கு ஒரு வரி இல்லை.

தேனீ வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நிலமில்லாதவர் செய்யக்கூடிய தொழில் இது. அதனாலேயே கேட்கிறேன். பெட்டிகள் நம் பெண்கள் பேரில் இருக்கட்டும். அரசு ரப்பர் தோட்டங்களில் பெட்டி வைக்க நிலமற்ற தலித்துகளுக்கு முதல் இடம் கொடுக்கட்டும். சங்கத்தின் கணக்குப் புத்தகம் சேரியில் இருக்கட்டும். விருந்தாளிகள் நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, நம் செம்பில் தண்ணீர் குடித்து, அப்புறம் தேனை ருசிக்கட்டும்.

இதற்குச் சம்மதமென்றால் அந்தத் துண்டறிக்கையை நானே வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.