ஷிப்ட் முடிந்து: கீழ் எண்ணையும் கேட்டு வாங்குங்கள்



நத்தார் நெருங்கினால் பிள்ளைகளின் விருப்பப் பட்டியல் நீளும். இப்போதெல்லாம் அதில் 'கேமிங் மொனிற்றர்' கட்டாயம் இருக்கும். கணனி விளையாட்டு நல்லதா கூடாதா என்ற வழக்கை நான் இங்கே எடுக்கவில்லை. வாங்குவதென்று முடிவெடுத்த பெற்றோருக்கு மட்டும் இந்தப் பக்கம். நான் சாதாரண தரத்தோடு படிப்பை விட்டவன், இங்கே ஜேர்மனியில் ஒரு தொழிற்சாலையில் பொதி கட்டும் பகுதியில் நிற்பவன். ஆகையால் எனக்கு விளங்கிய விதத்திலேயே எழுதுகிறேன்.

சென்ற வருடம் என் மகனுக்குப் பாவித்த மொனிற்றர் ஒன்றை 90 யூரோவுக்கு வாங்கினேன். ஒரு சனிக்கிழமை ஓவர்ரைம் காசு. பெட்டியில் '75 ஹேர்ட்ஸ்' என்றும், பக்கத்தில் 'ஃபிரீசிங்க்' என்றும் அச்சடித்திருந்தது. விற்றவரும் அதையே சொன்னார். ஒரு கிழமை போகவில்லை, விளையாடும்போது படம் நடுவில் வெட்டுப்பட்டது. மேல் பாதி ஒரு பக்கம், கீழ் பாதி இன்னொரு பக்கம். நான் மகனைத்தான் ஏசினேன். "நல்லா இருந்த சாமானை என்ன செய்தனி? எதையோ நோண்டிப் பழுதாக்கிப்போட்டாய்!" அவன் ஒன்றும் பேசவில்லை. அதற்குப் பிறகு என் முன்னால் அந்தத் திரையைப் போடுவதையே விட்டுவிட்டான்.

இரவு வேலை இல்லாத ஒரு நாள், சமாதானமாகப் போய் அவன் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அந்த வெட்டை உற்றுப் பார்த்தபோது எனக்கு வேலைத்தலம் ஞாபகம் வந்தது. எங்கள் லைனில் பெட்டிக்கு மூடி அடிக்கும் இயந்திரம் முன்பு ஒரே தாளத்தில் அடித்துக்கொண்டிருக்கும். பெட்டி சற்றுப் பிந்தி வந்தால் மூடி குறுக்கே விழும். பிறகு மெக்கானிக் ஒரு சென்சர் பூட்டினார். பெட்டி வந்து நின்ற பிறகுதான் மூடி அடிக்கும். சேதம் நின்றது.

மொனிற்றரிலும் கதை இதுதான். சாதாரணத் திரை செக்கனுக்கு 60 தடவை, 75 தடவை என்று ஒரே தாளத்தில் படத்தைப் புதுப்பிக்கும். அந்தத் தடவைக் கணக்குத்தான் ஹேர்ட்ஸ். ஆனால் கணனி ஒரே சீராகப் படம் வரைந்து அனுப்புவதில்லை. காட்சி பாரமானால் செக்கனுக்கு 40 படம், இலேசானால் 70 படம். திரை பாதி காட்டிக்கொண்டிருக்கும்போது அடுத்த படம் வந்தால் வெட்டு விழும். இதற்குத்தான் படம் வரும்வரை திரை காத்திருக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். 2013இல் என்விடியா கம்பனி 'ஜி-சிங்க்' என்று அறிவித்தது. 2015இல் ஏ.எம்.டி. கம்பனியின் 'ஃபிரீசிங்க்' திரைகள் கடைக்கு வந்தன.

ஆனால் இந்தக் காத்திருப்புக்கு ஓர் எல்லை உண்டு. எங்கள் லைனை ஓட்டும் மோட்டாரையும் ஓர் அளவுக்குக் கீழே மெதுவாக ஓட விடமாட்டார்கள். அதன் காற்றாடியும் மெதுவாகி மோட்டார் சூடேறிவிடும். திரையின் காரணம் வேறு. அதிலுள்ள புள்ளிகள் மின்னேற்றத்தைக் கொஞ்ச நேரம்தான் பிடித்து வைத்திருக்கும். பிந்தினால் வெளிச்சம் மாறித் துடிக்கும். ஆகவே ஒவ்வொரு திரைக்கும் மேல் எண் ஒன்றும் கீழ் எண் ஒன்றும் உண்டு. எங்களுடையதற்கு 48 முதல் 75 வரை. பெட்டியில் பெரிதாகப் போட்டிருந்தது 75 மட்டும். மகனின் விளையாட்டோ 40க்கும் 45க்கும் இடையில் ஓடிக்கொண்டிருந்தது. மொனிற்றரும் பழுதில்லை, பிள்ளையும் பிழை செய்யவில்லை.

இந்த இரண்டு எண்ணையும் கண்டுபிடிக்கும் வழிகளைத் தருகிறேன்.

முதலாவது, மொனிற்றரின் பின்பக்க ஒட்டுத்தாளில் உள்ள மாதிரி இலக்கத்தை எழுத்துப் பிசகாமல் எழுதிக்கொள்ளுங்கள். கடைசி எழுத்து மாறினாலே வேறு திரையாக இருக்கலாம். அந்த இலக்கத்தை வைத்துத் தயாரித்த கம்பனியின் விபரப் பக்கத்தையும், ஏ.எம்.டி., என்விடியா வெளியிட்டிருக்கும் பட்டியல்களையும் பாருங்கள். கைநூலில் 'வெர்ட்டிகால்ஃப்ரெகுவென்ஸ்' என்று இரண்டு எண் இருந்தால் அவசரப்பட்டு நம்பவேண்டாம். அது திரை ஏற்றுக்கொள்ளும் சாதாரண அளவாகவும் இருக்கலாம். ஃபிரீசிங்க் அல்லது அடாப்டிவ் சிங்க் என்ற பெயரோடு சேர்த்துப் போட்டிருக்கும் எண்ணே வேண்டியது.

இரண்டாவது, திரை வீட்டில் இருந்தால் கணனியையே கேட்கலாம். ஏ.எம்.டி. கார்ட் என்றால் அதன் அட்ரினலின் மென்பொருளில் 'டிஸ்பிளே' பக்கத்தில் ஃபிரீசிங்க் பகுதியைப் பாருங்கள். 'கஸ்டம் றெசலூஷன் யூட்டிலிற்றி' என்ற இலவச மென்பொருளும் உண்டு. திரை தன்னைப் பற்றிக் கணனிக்குச் சொல்லும் விபரத்தை அது அப்படியே காட்டும். பார்த்துவிட்டு மூடிவிடுங்கள். எண்களை மாற்றினால் திரை கறுத்துப் போகவும் கூடும்.

மூன்றாவது, கேபிளைக் கவனியுங்கள். சில திரைகளில் எச்.டி.எம்.ஐ. துளைக்கு ஓர் எல்லை, டிஸ்பிளே போர்ட் துளைக்கு வேறோர் எல்லை. என்விடியா கார்ட் வைத்திருப்பவர்கள் ஃபிரீசிங்க் திரையை டிஸ்பிளே போர்ட்டில் இணைப்பதே நல்லது. 10ஆம் வரிசைக்கு முந்திய என்விடியா கார்ட்டுகள் ஃபிரீசிங்க் திரையோடு இந்த முறையில் வேலை செய்யா. பிந்தியவற்றுக்கு 2019 தை மாதத்தில்தான் வழி திறந்தது.

நான்காவது, கண்ணால் பார்க்கும் சோதனை. பல மொனிற்றர்களின் மெனுவில் தற்போதைய ஹேர்ட்ஸ் எண் தெரியும். விளையாடும்போது அது கூடிக் குறைந்தால் முறை வேலை செய்கிறது. அசையாமல் நின்றால் எங்கோ நிறுத்தியிருக்கிறது. முதலில் மொனிற்றர் மெனுவிலும் பிறகு கணனியிலும், இரண்டு இடத்திலும் போட்டுவிட வேண்டும்.

இனி ஒரு சின்னக் கணக்கு. மேல் எண் கீழ் எண்ணின் இரண்டு மடங்காவது இருக்கிறதா என்று பாருங்கள். படம் கீழ் எண்ணுக்கும் குறைந்தால், ஒரே படத்தை இரண்டு தடவை காட்டிச் சமாளிக்கும் வித்தை உண்டு. 48 முதல் 144 வரையுள்ள திரையில் 40 படம் வந்தால் அதை 80 ஆக்கிக் காட்டலாம். எங்கள் திரையில் 80 போட இடமில்லை, 75உடன் முடிகிறது. ஆகவே பாவித்த சாமான் வாங்கும்போது '48 முதல் 75' என்பதற்கும் '48 முதல் 144' என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை விலையில் கேளுங்கள்.

நாங்கள் என்ன செய்தோம்? விளையாட்டின் செற்றிங்கில் நிழல், தூரக் காட்சி ஆகியவற்றைக் குறைத்தோம். படம் 50க்கு மேல் ஏறியது. மேல் எல்லையை 72 என்று கட்டினோம், 75ஐத் தாண்டினாலும் வெட்டு வரும் என்பதற்காக. ஒரு சதமும் செலவில்லை. படம் சீராக ஓடியது.

அப்போதுதான் மகன் சொன்னான். "அப்பா, எனக்கு முதலே தெரியும், இது 48க்குக் கீழே வேலை செய்யாது எண்டு. சொன்னால் காசு வீணாப்போச்சுது எண்டு நீங்கள் கவலைப்படுவீங்கள். அதுதான் சொல்லேல்லை." பன்னிரண்டு வயதுப் பிள்ளை. அரசாங்கக் கடிதங்களை எனக்கு வாசித்துச் சொல்பவனும் அவன்தான். அந்த 90 யூரோவின் பாரத்தை அவனும் தூக்கித் திரிந்திருக்கிறான். அவனை ஏசியதற்கு அன்றிரவே மன்னிப்புக் கேட்டேன்.

புதிதாக வந்த குடும்பங்களுக்கு ஒரு விடயம். இங்கே கடைக்காரரிடம் இணையத்தில் வாங்கிய பொருளை, கையில் கிடைத்து 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பும் உரிமை உண்டு. நாலாவது சோதனையை அந்த நாட்களுக்குள் செய்யுங்கள். தனியாளிடம் பாவித்ததை வாங்கினால் அந்த உரிமை இல்லை. ஆகவே காசு கொடுக்க முதல் இலக்கத்தைக் கேட்டு, வீட்டில் பிள்ளையோடு இருந்து பாருங்கள். ஆழமறிந்து காலை விடு என்பார்கள். ஆழம் பார்க்கப் பிள்ளையையும் கூட்டிப் போங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.