சூத்திரம் மட்டும் போதுமா?



"சேர், சூத்திரத்தைக் குடுங்க, கணக்கைப் பழக்குங்க, அது போதும்." யட்டவத்தயில் பெற்றோர் பலர் எங்களைப் போன்ற ஆசிரியர்களிடம் கேட்பது இதைத்தான். போதாது என்று பகிரங்கமாகவே சொல்கிறோம்.

நின்ற பைக் 5 செக்கனில் மணிக்கு 54 கிலோமீற்றர் கதியை அடைகிறது. சராசரி ஆர்முடுகல் என்ன? சூத்திரம் மட்டும் தெரிந்த பிள்ளை 54ஐ 5ஆல் வகுத்து, 10.8 என்று எழுதி, பக்கத்தில் செக்கன் வர்க்கத்துக்கு மீற்றர் என்று அலகையும் போட்டுவிடும். மரத்திலிருந்து விழும் தேங்காயின் ஆர்முடுகலே 9.8 தான். தேங்காயை முந்தும் பைக் எந்தக் கடையில் விற்கிறது? 54ஐ முதலில் 3.6ஆல் வகுத்தால் செக்கனுக்கு 15 மீற்றர். அதை 5ஆல் வகுத்தால் 3. அதுதான் விடை.

அடுத்த குழப்பம் யூடியூப். இந்திய வீடியோவில் 'வேகம்' என்றால் அது நமது கதி. அவர்களுடைய 'திசைவேகம்'தான் நமது வேகம். 'முடுக்கம்' நமது ஆர்முடுகல். இதைச் சொல்லிக் கொடுக்க ஆளில்லாத பிள்ளை, "கதி மாற்றத்தை நேரத்தால் வகு" என்று பாடமாக்குகிறது. ஒரே திசையில் நேராகப் போனால் விடை சரியாகத்தான் வரும். தரம் 10 பாடத்தின் பெயரே நேர்கோட்டு இயக்கம். ஆனால் மாத்தளைக்கு இறங்கும் நமது பாதை நேர்கோடா?

செக்கனுக்கு 10 மீற்றர், அதாவது மணிக்கு 36 கிலோமீற்றர். அதே கதியில் ஒரு செங்கோண வளைவை 4 செக்கனில் எடுங்கள். கதி மாறவில்லை, பிள்ளையின் விடை பூச்சியம். ஆனால் திசை மாறியதால் வேகம் சுமார் 14.1 மாறியிருக்கிறது. சராசரி ஆர்முடுகல் 3.5! அதைத் தருவது டயரின் உராய்வு. மழை பெய்தால் அந்த உராய்வு குறையும். அதே வளைவில் கதியை இரட்டித்தால் வேக மாற்றமும் இரட்டிக்கும், நேரம் பாதியாகும். ஆர்முடுகல் நான்கு மடங்கு, 14! சாதாரண டயர் அதைத் தராது.

ஓ எல் முடிந்த கையோடு மகனுக்கு பைக் சாவி கொடுக்கும் வாப்பாமாரே, "எத்தனை மார்க்ஸ்?" என்று மட்டும் கேட்காதீர்கள். "இந்த விடை நடக்கக்கூடியதா?" என்றும் கேளுங்கள். பரீட்சையில் பிழைத்தால் அடுத்த வருடம் எழுதலாம். வளைவில் பிழைத்தால்?